பிரசையும் வதிவோனும்: இரு கற்பனை நாடுகள் பற்றிய ஒரு நோக்கு

இலட்சிய நாடொன்றைக் கற்பனையிற் படைத்துக் காட்டும் நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் இரு வினாக்களையே அவற்றிடம் எழுப்பி வந்துள்ளனர். அந்நாட்டிற் சொத்து யாருக்கு உரியது என்பது ஒன்று. ஆட்சி யாருடைய கையில் உள்ளது என்பது மற்றையது. தனியுடைமையை ஒழித்தமைக்காகத் தோமஸ் மோர் போற்றப்படுவதும், மெய்யியலறிஞரை அரியணையில் அமர்த்தியமைக்காகப் பிளேட்டோ போற்றப்படுவதும் தூற்றப்படுவதும் இவ்வினாக்களின் வழிவந்த முடிவுகளே. ஆயின் இவற்றுக்கு முன்னதாக எழுப்பப்படவேண்டிய வினா ஒன்றுண்டு. அந்நாட்டின் ‘மக்கள்’ என்னும் சொல்லுக்குள் அடங்குவோர் யாவர், அந்நிலத்தில் வாழ்ந்தும் அச்சொல்லுக்குள் அடங்காதோர் யாவர் என்பதே அது. சொத்துப் பொதுவா தனியா என்பது வீட்டின் உள்ளே இருப்போருக்குரிய வழக்கு. படலையில் நிற்பவனுக்கு அவ்வழக்கில் இடமில்லை.

இந்நோக்கில் ஆராய்வதற்குப் பிளேட்டோவின் ‘குடியரசு’ அத்துணை உதவுவதன்று. அதனினும் குறைவாகவே வாசிக்கப்படும் அவரது இறுதி நூலாகிய ‘சட்டங்கள்’ பெரிதும் உதவும். பன்னிரண்டு புத்தகங்களாக விரியும் இந்நூல், பிளேட்டோ எழுதியவற்றுள் மிக நீண்டது. சோக்கிரதீசு இதில் இடம்பெறவில்லை. ஏதென்ஸிலிருந்து வந்த பெயர் கூறப்படாத அந்நியர் ஒருவரும், கிரீட் தீவின் நொசோஸ் நகரத்துக் கிளைனியாஸும், ஸ்பார்ட்டா நாட்டவரான மெகில்லஸும் ஒரு கோடைப் பகலிற் சியூஸ் தெய்வத்தின் குகையை நோக்கி நடந்தவாறே உரையாடுகின்றனர். மூவரும் முதியோர். மூன்றாம் புத்தகத்தின் முடிவிலே கிளைனியாஸ் ஒரு செய்தியை வெளியிடுகிறார். கிரீட் மக்கள் புதிய குடியேற்றமொன்றை நிறுவவுள்ளனர். அதற்குச் சட்டம் வகுக்கும் பொறுப்பு அவரையும் வேறு ஒன்பதின்மரையும் சார்ந்துள்ளது. அதுகாறும் சட்டங்களின் தன்மை பற்றிப் பொதுவாக நடைபெற்ற பேச்சு, அக்கணத்திலிருந்து மக்னீசியா என்னும் கற்பனை நாட்டைக் கட்டியெழுப்பும் பணியாக மாறுகின்றது. ‘குடியரசு’ விண்ணிலே வரையப்பட்ட நகரம் எனின், மக்னீசியா காணி அளந்து கல்லு நாட்டப்பட்ட நகரம் எனலாம்.

காணி அளப்பு என்பது ஈண்டு உவமையன்று. அந்நாட்டின் அமைப்பே அதிலிருந்துதான் தொடங்குகின்றது. கடலிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மைல் உள்ளே, வணிகத்தின் தீய செல்வாக்குக்கு எட்டாத தொலைவிலே, கமத்தொழிலையே ஆதாரமாகக் கொண்டு அந்நாடு அமையும். நிலம் 5040 பங்குகளாக வகுக்கப்படும். ஒன்று முதற் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடுவது அவ்வெண்ணின் சிறப்பு. போர்க்காலத்தில் ஆட்களைப் பிரிக்கவும் சமாதான காலத்தில் வரியையும் விளைவையும் பகிரவும் அது வசதியானது. ஒவ்வொரு பங்கும் இரு துண்டுகளாக அமையும். ஒன்று நகரின் அருகே, மற்றையது எல்லைப்புறத்தே. எல்லைக் காணியும் நகர்க் காணியும் ஒருவனுக்கே உரியனவாயின் எல்லைப் பூசலில் எவனும் அலட்சியமாகவோ அளவுக்கு மீறிய சினத்தோடோ நடந்துகொள்ளான் என்பது கருத்து. நிலத்தின் இயல்பறிந்த ஒருவர் வகுத்த ஏற்பாடு இது என்பதை மறுத்தற்கில்லை.

இப்பங்கினை விற்க முடியாது, வாங்க முடியாது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. மைந்தருள் ஒருவனே உரித்தாளி ஆவான். ஏனைய ஆண்மக்கள் பிள்ளையற்றோருக்குச் சுவீகாரமாகக் கொடுக்கப்படுவர்; அவ்வாறும் மிகுவோர் புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்படுவர். வீடுகளின் தொகை 5040 ஆகவே என்றும் நிலைத்திருத்தல் வேண்டும். இங்கு நிகழ்வது யாதெனின், முதலில் நிலம் எண்ணப்படுகின்றது, பின்னரே மனிதர் எண்ணப்படுகின்றனர். பிரசை என்பவன் காணித்தோம்பில் ஓர் இலக்கத்துக்குப் பின்னால் நிற்பவன். இலக்கங்கள் முடிந்தபின் வருபவன் எத்துணை நல்லவனாயினும், எத்துணை காலம் வாழ்ந்தவனாயினும், அவனை எழுதுவதற்குத் தோம்பில் வெற்றிடம் இல்லை.

மக்னீசியா ஓரினத்தார் நாடன்று என்பது அடுத்து நோக்கத்தக்கது. கிரீட் தீவின் பல நகரத்தாரும் பெலப்பொனீஸிலிருந்து வருவோரும் அங்கே குடியேறுவர். இதுபற்றி நான்காம் புத்தகத்தில் நிகழும் உரையாடல் மிகுந்த நுட்பம் வாய்ந்தது. தேனீக் கூட்டம்போல ஒரே குலத்தார், ஒரே மொழியும் வழிபாடும் உடையோர், ஒருங்கே பெயர்ந்து வருவார்களாயின் அவர்களிடையே நட்பு எளிதில் நிலைக்கும். ஆனால் பழைய சட்டங்களைக் கைவிட அவர்கள் இசையார். பலவிடத்தார் கலந்து வருவார்களாயின் புதிய சட்டத்துக்கு எளிதிற் பணிவர். ஆனால் ஒரு நுகத்திற் பூட்டிய குதிரைகளைப்போல ஒருமித்து மூச்சுவிடுவதற்கு நீண்ட காலம் செல்லும். இனக்கலப்பைச் சாபமாகவோ வரமாகவோ பேசாமல், காலத்தால் தீர்க்கப்படவேண்டிய ஒரு நடைமுறைச் சிக்கலாக அணுகுவது இவ்விடத்திற் காணப்படும் சிறப்பு. பல்லினம் வாழும் நாடுகளின் அரசியல்வாதிகள் பலர் இத்தெளிவை எட்டியதில்லை. பொதுவிருந்து, பாடற்குழு, விழா, ஒரே கல்வி ஆகியன அம்மூச்சினை ஒன்றாக்கும் கருவிகளாக அடுத்துவரும் புத்தகங்களில் விரிக்கப்படுகின்றன.

ஆயின் அதே நூலின் ஆறாம் புத்தகத்திற் பன்மொழி மக்கள் பற்றிய இன்னொரு விதி வருகின்றது. அடிமைகளை வைத்திருப்போர் அவர்களை ஒரே நாட்டவராக இல்லாமலும், இயன்றவரை ஒரே மொழி பேசாதோராகவும் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே அது. ஒரு மொழி பேசும் அடிமைகள் பெருந்தொகையினராக வாழ்ந்த இடங்களில் நேர்ந்த கிளர்ச்சிகள் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. ஸ்பார்ட்டாவுக்கு எதிராக மெசேனியர் மீண்டும் மீண்டும் எழுந்தமை அங்கு நினைவூட்டப்படுகின்றது.

இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். பல நிலத்தார் கலந்து வாழ்தல் என்னும் நிலைமை இரண்டிலும் ஒன்றே. பிரசைகளிடையே அது நோய்; காலமும் கல்வியும் பாட்டும் கொண்டு மாற்றப்படவேண்டியது. உழைப்போரிடையே அதுவே மருந்து, மாறிவிடாதவாறு பேணப்படவேண்டியது. மேலே உள்ளவர்கள் ஒன்றாக மூச்சுவிடக் கற்பிக்கப்படுகின்றனர். கீழே உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசவும் இயலாதவாறு சேர்க்கப்படுகின்றனர். ஆகவே இனப் பன்மை என்பது தன்னளவில் இந்நாட்டின் சிக்கல் அன்று. எவருடைய பன்மை, யாருடைய நலனுக்காக நீக்கப்படுகிறது அல்லது காக்கப்படுகிறது என்பதே சிக்கல். ‘சட்டங்கள்’ நூலைப் பல்லினக் குடியேற்றத்துக்கு முன்னோடியாகக் காண விழைவோர் நான்காம் புத்தகத்தை மட்டும் எடுத்துக்காட்டி ஆறாம் புத்தகத்தைக் கடந்து போவது தற்செயலானதன்று.

நிலத்தை உழுபவர் யார் என்னும் வினாவுக்கு விடை ஏழாம் புத்தகத்தில் ஒரு சிறு தொடராகவே வருகின்றது. கமத்தொழில் அடிமைகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது; அளவான வாழ்வுக்குப் போதுமான விளைவை அவர்கள் பிரசைகளுக்குச் செலுத்துவர். கமக்கார நாடு என இதுவரை தோன்றிய நாடு இவ்விடத்திற் காணியுரித்தாளர் நாடாக மாறிவிடுகின்றது. உழவின் மேன்மை முழுவதும் நூலில் உண்டு. ஏர் பிடித்த கை மட்டும் பிரசையின் கையன்று. கைத்தொழிலும் அவ்வாறே. பிரசையோ அவனது பணியாளனோ கைவினைத் தொழிலில் ஈடுபடலாகாது. தச்சனும் கொல்லனும் குயவனும், சில்லறை வியாபாரியும், வெளியிலிருந்து வந்து வாழ்வோராகவே இருத்தல் வேண்டும். கிரேக்கர் ‘மெட்டோய்க்கோஸ்’ என அழைத்த இவர்களை வதிவோர் எனக் குறிப்பிடலாம்.

வதிவோர் இல்லாமல் மக்னீசியா ஒரு நாள்கூட இயங்காது என்பதைப் பிளேட்டோ நன்கு அறிந்திருந்தார். விளைபொருட் பகிர்வு பற்றிய எட்டாம் புத்தக விதியே இதற்குச் சான்று. நாட்டின் விளைவு மூன்று கூறாக்கப்படும். முதற்கூறு சுதந்திரருக்கு, இரண்டாவது அவர்தம் அடிமைகளுக்கு, மூன்றாவது கைவினைஞருக்கும் பிற அந்நியருக்கும். மூன்றாங் கூறு மட்டுமே கட்டாயமாகச் சந்தையில் விற்கப்படும். அதாவது அடிமைக்கு உணவு பங்கீடாகக் கிடைக்கின்றது. வதிவோனுக்கோ அது விலைக்கே கிடைக்கின்றது. மூன்றிலொரு பங்கு உணவை உட்கொள்ளும் ஒரு கூட்டத்தைச் சட்டம் நுணுகிக் கணக்கிட்டிருக்கின்றது. ஆனால் 5040 என்னும் எண்ணுக்குள் அக்கூட்டத்தில் ஒருவரும் இல்லை. உண்ணும் வாயாக எண்ணப்பட்டவர் வாக்களிக்கும் ஆளாக எண்ணப்படவில்லை.

இனி வதிவோர்க்குரிய விதிகளை நோக்கலாம். தொழில் தெரிந்த எவரும் வரலாம். வரி எதுவும் இல்லை; நன்னடத்தையே அவரிடம் வேண்டப்படுவது. ஆனால் பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்குதல் கூடாது. அக்காலம் முடிந்ததும் தமது உடைமையை எடுத்துக்கொண்டு வெளியேறல் வேண்டும். நாட்டுக்குப் பெருநன்மை ஏதும் செய்திருப்பின், பேரவையையும் மக்கள் மன்றத்தையும் இணங்கச் செய்து தவணையை நீட்டிக்கொள்ளலாம், அன்றி ஆயுட்காலம் முழுவதும் தங்க அனுமதி பெறலாம். பதினோராம் புத்தகம் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கின்றது. விடுதலை பெற்ற அடிமையாயினும் பிற அந்நியனாயினும், அவனது செல்வம் சொத்து வகுப்புகளுள் மூன்றாம் வகுப்புக்குரிய அளவைத் தாண்டுமாயின், அந்நாளிலிருந்து முப்பது நாளுக்குள் நாட்டைவிட்டு நீங்குதல் வேண்டும். நீங்காதவனுக்குத் தண்டனை மரணம். அவனது சொத்துப் பொதுவுடைமை ஆக்கப்படும்.

இவ்விதிகளிற் காலம் என்பது பெறும் பொருள் விந்தையானது. சாதாரண மனித உறவுகளில் ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்தல் அவ்விடத்தோடு உள்ள பிணைப்பை வளர்க்கும். ஊராரும் அவ்வாறே கருதுவர். மக்னீசியாவில் ஒவ்வோராண்டும் வதிவோனை அந்நிலத்துக்கு அண்மையனாக்காமல் அதன் எல்லையை நோக்கி ஓரடி தள்ளுகின்றது. பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தவன் நேற்று வந்தவனிலும் பார்க்க அந்நியனாகிறான். உழைப்பும் அவ்வாறே. திறமையாக உழைத்துப் பொருள் சேர்த்தவன் இருபது ஆண்டுகூட இருக்க முடியாது. முப்பது நாளே அவனுக்குண்டு.

அடிமைச் சமுதாயத்தில் வாழ்ந்த ஒருவரிடம் இக்காலத்து நீதியை எதிர்பார்த்தல் வரலாற்று முறைமைக்கு ஒவ்வாது எனக் கூறப்படலாம். இவ்வாதம் அடிமைமுறை பற்றி ஓரளவு பொருந்தும். வதிவோர் பற்றிப் பொருந்தாது. ஏனெனில் பிளேட்டோவின் சமகால ஏதென்ஸில் இத்தகைய காலவெல்லை இருக்கவில்லை. அங்கே வதிவோர் ஆண்டொன்றுக்கு 12 திராக்மா தலைவரி செலுத்தினர். தமக்குப் பொறுப்பாக ஒரு பிரசையைக் காட்டவேண்டியவராயினர். சிறப்பு அனுமதியின்றிக் காணியோ வீடோ உடைமையாகக் கொள்ள முடியாதவராயினர். போரில் மட்டும் பிரசைகளோடு சேர்ந்து நின்றனர். கி.மு. 451ஆம் ஆண்டில் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம் தாய் தந்தை இருவரும் பிரசைகளாயிருத்தலைக் கட்டாயமாக்கியதன் பின்னர், தலைமுறை தலைமுறையாக ஏதென்ஸில் வாழ்ந்தோரின் பிள்ளைகளும் வதிவோராகவே தொடர்ந்தனர். கொடிய ஏற்பாடே. ஆயினும் எவரும் ஆண்டுக் கணக்கின்பேரில் வெளியேற்றப்படவில்லை. தன் நாடழிந்து வந்த பிளேட்டியா மக்களுக்கு ஒருங்கே பிரசாவுரிமை வழங்கிய வரலாறும் அந்நகருக்கு உண்டு. பிளேட்டோ வரியை நீக்கினார், காலவெல்லையைப் புகுத்தினார். ஏதென்ஸின் வழக்கத்தை அவர் இரு திசையிலும் மாற்றியிருக்கின்றார். மாற்றியவர் காலத்தின் கைதியாக இருந்தார் என்று விலக்களிப்பது இயலாது.

அன்றியும், வதிவோரின் நிலை பிளேட்டோ நேரில் அறியாத ஒன்றன்று. ‘குடியரசு’ உரையாடல் நிகழ்வது எங்கே என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. பிரேயஸ் துறைமுகத்தில், சிரக்கூசிலிருந்து வந்து குடியேறிய கெபலஸ் என்பாரின் வீட்டிலே அது நிகழ்கின்றது. நீதி என்றால் என்ன என்னும் உலகப் புகழ்பெற்ற விசாரணை, அந்நகரில் அரசியலுரிமை அற்ற ஒருவரின் கூரையின்கீழ், அவருடைய விருந்தோம்பலில் நடைபெறுகின்றது. அவ்வீட்டு மைந்தருள் ஒருவரான பொலமார்க்கஸ் கி.மு. 404ஆம் ஆண்டில் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மரால், செல்வமுள்ள வதிவோரைக் குறிவைத்த வேட்டையின்போது கொல்லப்பட்டார். அவர் சகோதரரான சொற்பொழிவு ஆசிரியர் லிசியாஸ் தப்பியோடி, மக்களாட்சி மீளப் பொருளுதவி செய்தார். அதற்குக் கைம்மாறாக அவருக்குப் பிரசாவுரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. நடைமுறைக் குறைபாடு ஒன்றைக் காட்டி அது செல்லாதென ஆக்கப்பட்டது. மக்னீசியாவின் ‘பெருநன்மை’ விதி எத்துணை பெறுமதியுடையது என்பதற்கு இதனைவிட உரைகல் தேவையில்லை.

பிளேட்டோவின் மாணவரான அரிஸ்டோட்டிலும் ஏதென்ஸில் வதிவோராகவே வாழ்ந்தவர். ஸ்டாகிரா அவர் பிறந்தவூர். ‘அரசியல்’ நூலின் மூன்றாம் புத்தகத்தில் பிரசை யார் என வரையறுக்கப் புகுந்த அவர், ஓரிடத்தில் வாழ்வதனால் மட்டும் ஒருவன் பிரசையாகான், வதிவோரும் அடிமைகளும் அதே இடத்தில் வாழ்கின்றனர் அன்றோ எனக் காரணம் காட்டுகின்றார். தம்மையே விலக்கி வைக்கும் வரையறையை உணர்ச்சியின் சாயல் சிறிதுமின்றி எழுதிச் சென்ற அத்தெளிவு வியப்பையும் ஒருவகைத் துயரையும் ஒருங்கே தருவது.

பிளேட்டோவுக்கு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூற்றறுபது ஆண்டுகளின் பின், 1516ஆம் ஆண்டில் வெளிவந்த மோரின் ‘யூட்டோப்பியா’ இவ்விடயத்திற் பெரியதொரு முன்னேற்றத்தைக் காட்டுகின்றது. ஐம்பத்துநான்கு நகரங்கள் கொண்ட அத்தீவிலே கமத்தொழில் எல்லாருக்கும் உரியது. ஆணும் பெண்ணும் சிறு வயது முதல் அதனைக் கற்பர். முறைவைத்து இரண்டாண்டு நாட்டுப்புறப் பண்ணைகளில் வாழ்ந்து உழைப்பர். உழைப்பும் பிரசையின் மாண்பும் ஒன்றோடொன்று முரண்படும் என்னும் பிளேட்டோவின் அடிப்படை இங்கே தகர்க்கப்படுகின்றது. மார்க்சியத் திறனாய்வாளர் பலர் மோரை விதந்து பேசுவதற்கு இதுவும் காரணமாகும்.

ஆயினும் நாற்பதுபேர் கொண்ட ஒவ்வொரு பண்ணைக் குடும்பத்தோடும் இரு அடிமைகள் சேர்க்கப்பட்டிருப்பதை மோர் போகிறபோக்கிலே கூறிச் செல்கிறார். அடிமைகளின் பிள்ளைகள் அடிமைகளாகார் என்பது அவருக்குப் பெருமை தருவதே. அடிமைகளுள் ஒரு பிரிவினர் குற்றவாளிகளுமல்லர், விலைக்கு வாங்கப்பட்டோருமல்லர். அயல்நாடுகளிற் கடும் வறுமையில் உழன்று, யூட்டோப்பியாவில் அடிமையாக இருத்தலே மேல் எனத் தாமாகவே வந்த உழைப்பாளர் அவர்கள். பிரசைகளைப் போலவே ஏறக்குறைய நன்றாக நடத்தப்படுவர். பழகியவர்கள் என்பதற்காகச் சிறிது கூடுதலாக வேலை வாங்கப்படுவர். போக விரும்பினால் வெறுங்கையோடு அனுப்பப்படார். அவர்கள் என்றேனும் பிரசையாகலாமா என்பது பற்றி நூல் பேசவில்லை. தனியுடைமை இல்லாத நாட்டிலும் தேசவுடைமையில் பங்கில்லாதவன் ஒருவன் இருக்கமுடியும் என்பது இதனாற் பெறப்படும். சொத்துறவை மாற்றியவுடன் ஏனைய ஏற்றத்தாழ்வுகள் தாமே உதிர்ந்துவிடும் என்னும் எளிய நம்பிக்கைக்கு மோரின் நூல் தன்னையறியாமலே மறுப்பாக அமைகின்றது.

இதனிலும் முக்கியமானது குடியேற்றம் பற்றிய பகுதி. தீவின் சனத்தொகை மிகும்போது யூட்டோப்பியர் அண்டை நிலப்பரப்பிற் குடியேற்றம் அமைப்பர். அங்குள்ள பழங்குடிகளிடம் பயிரிடப்படாத நிலம் மிகுதியாகக் கிடக்கும். இவர்களது சட்டத்தை ஏற்றுச் சேர்ந்து வாழ இசையும் குடிகள் ஏற்றுக்கொள்ளப்படுவர். இரு மக்களும் கலந்து ஒருவராவர். இசையாதோர் துரத்தப்படுவர். எதிர்ப்போர்மீது போர் தொடுக்கப்படும். நிலத்தைத் தானும் பயன்படுத்தாது பிறரையும் பயன்படுத்த விடாத மக்கள்மீது தொடுக்கும் போர் மிக நீதியானது என யூட்டோப்பியர் கருதுவர். இதே நூலின் முதற் பாகத்திலே, கம்பளிக்காக மேய்ச்சல் நிலம் வளைக்கப்பட்டு இங்கிலாந்தின் உழவர் வீடுவாசலிலிருந்து விரட்டப்பட்ட கொடுமையை மோர் எத்துணை சினத்தோடு எழுதினார் என்பதை நினைவிற் கொள்ளும்போது முரண் தெளிவாகும். முதற்பாகத்தில் நில உடைமையாளர், நிலத்தை மேலும் இலாபகரமாகப் பயன்படுத்தும் பொருட்டு உழவனை விரட்டுகின்றனர், அது பாவம். இரண்டாம் பாகத்தில் யூட்டோப்பியர், நிலத்தை மேலும் சிறப்பாகப் பயன்படுத்தும் பொருட்டுப் பழங்குடியை விரட்டுகின்றனர், அது நீதி. வேறுபாடு விரட்டப்படுபவனின் துயரில் இல்லை. விரட்டுபவனின் முகவரியிலேயே உள்ளது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் குடியேற்ற ஆதிக்கம் வெற்று நிலம் என்னும் வாதத்தை எவ்வாறு கையாண்டது என்பது விரித்துரைக்க வேண்டாதது. நூலாசிரியரின் நடைமுறை வாழ்வு இதனினின்று மாறுபட்டது என்பதையும் கூறுதல் நேர்மை. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டில், 1517 மே மாதம் முதலாந் திகதி, இலண்டனில் அந்நியக் கைவினைஞருக்கும் வணிகருக்கும் எதிராகக் கலகம் வெடித்தபோது, கலகக்காரரைத் தணிக்க முயன்ற நகர அதிகாரிகளுள் மோரும் ஒருவராக இருந்தார்.

கற்பனை நாடுகளின் இவ்விதிகள் இலங்கை வாசகருக்குக் கற்பனையாகத் தோன்றா. பெருந்தோட்டக் கமத்தொழிலின் வருவாயில் நின்ற ஒரு பல்லின நாடு, சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்மூலம், இங்கு பிறந்தவனிடமும் தந்தை இங்கே பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்கோ சான்று கேட்டது. அடுத்த ஆண்டில் வந்த சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்’ சட்டம் என்பதாகும். மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், இடையறாது வதிந்தமையை அது நிரூபிக்கக் கேட்டது. மக்னீசியாவில் ஆண்டுகள் மிகுதியானமையால் வெளியேற்றம். மலையகத்தில் ஆண்டுகளைக் கடதாசியிற் காட்ட இயலாமையால் நிராகரிப்பு. நியாயங்கள் எதிரெதிரானவை, கணக்குப் புத்தகம் யாருடைய கையில் இருந்தது என்பதில் வேறுபாடில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கலாமென விட்டுவைத்தது. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாக்கப்பட்டது. 5040 என்னும் எண்ணைப் போலவே இவையும் முழுமையாக வகுபட்ட எண்கள். வகுபட்ட குடும்பங்கள் பற்றி ஒப்பந்தங்களில் எண் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இவ்விரு நூல்களின் இலக்கிய அமைப்புப் பற்றி இறுதியாக ஒன்று கூறவேண்டியுள்ளது. இரண்டையும் பேசுவோர் அந்நியரே. மக்னீசியாவுக்குச் சட்டம் வகுப்பவர் கிரீட்டுக்கு வழிப்போக்கராக வந்த ஏதென்ஸ் நாட்டவர். நூல் முழுவதிலும் ‘அந்நியர்’ என்பதே அவர் பெயர். யூட்டோப்பியாவைப் பற்றிக் கூறும் ரபாயேல் ஹித்லொடேயும் அத்தீவில் ஐந்தாண்டுக்கு மேல் வதிந்து மீண்டவர். வெளியிலிருந்து வந்த கண் இல்லையேல் இந்நாடுகள் எழுத்தில் இடம்பெற்றிரா. அந்நியரின் அறிவு வேண்டப்படுகின்றது. ‘சட்டங்கள்’ நூலின் இறுதியில் மெகில்லஸ், இவரைப் போகவிடலாகாது, வேண்டியும் வேறெவ்வாறேனும் முயன்றும் நகரை நிறுவுவதிற் பங்காளியாக்கிக்கொள்ளல் வேண்டும் என்கிறார். தங்கும்படி இரந்து கேட்கப்படும் ஒரே அந்நியர் சட்டம் இயற்றியவரே. அவரது சட்டத்தின்கீழ் வாழப்போகும் குயவனையோ கொல்லனையோ எவரும் அவ்வாறு கேட்கவில்லை. அவர்களுள் ஒருவனுக்கும் உரையாடலிற் குரலும் இல்லை. உரையாடல் வடிவம் பல குரல்களுக்கு இடமளிப்பது என்னும் பொதுக்கருத்தை இவ்விடத்திற் சற்று நிறுத்திப் பார்த்தல் நன்று; இந்நீண்ட உரையாடலில் மூன்று காணியுரித்தாளர் தரத்தினரின் குரல்களே கேட்கின்றன.

எட்டாம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், வதிவோரின் பிள்ளைகளைப் பற்றி ஒரு விதி உண்டு. மக்னீசியாவிலேயே வளர்ந்து தகப்பனின் தொழிலைக் கற்ற பிள்ளைக்கு, இருபதாண்டுத் தவணை பதினைந்து வயதிலிருந்து தொடங்கும். அங்கே பிறந்தவனாயின், முப்பத்தைந்தாவது வயதில் அவன் புறப்படுதல் வேண்டும். தனக்கு விருப்பமான இடத்துக்கு அவன் போகலாம் என்கிறது விதி. அவ்விடம் எது என்பது பற்றி அதிற் சொல்லில்லை. போகுமுன், அதிகாரிகளிடம் எழுதப்பட்டுள்ள தன் பதிவுகளை அவன் அழிப்பித்துவிட்டுச் செல்லவேண்டும். கிளைனியாஸ் இதுபற்றி எதுவும் கேட்கவில்லை. எட்டாம் புத்தகம் அவ்வரியோடு முடிவடைகின்றது. ஒன்பதாம் புத்தகம் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய பேச்சோடு தொடங்குகின்றது.